மட்டிக் குலையும் உங்கள் அத்தையின் பரீட்சையும்

கருங்கல் ஊர்ச் சந்தையில் நம் பழக்கடை விட்டத்தில் எப்போதும் ஒரு மட்டி வாழைக் குலை தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், உங்கள் அத்தை ஈர்க்குச்சியால் அதைத் தொட்டுத் தொட்டு முணுமுணுத்தது எனக்கு நினைவு வரும்.

பிள்ளைகளே, நம் தாலுக்காக்கள் திருவனந்தபுரத்து ஆட்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்வதற்குக் கொஞ்சம் முந்தின காலம் அது. நர்ஸ் படிப்பில் இருந்த என் தங்கை, வாய்மொழிப் பரீட்சையில் ஒருமுறை தோற்றுவிட்டாள். நோய்களின் இங்கிலீஷ் பெயர்கள் முழ நீளம். பாதியில் நாக்கு நின்றுவிடும். "இன்னொரு வாட்டி தோத்தா படிச்சது போதும், கெட்டிக் குடுத்திருவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

லீவில் வந்தவள் கடையில் இருந்தாள். நான் குலையிலிருந்து சீப்புச் சீப்பாக அரிந்து கொடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அண்ணே, குலையை ஆராவது முழுசா விழுங்குவாவளா? நான் அதத்தானே செய்யுதேன்" என்றாள். அன்றுமுதல் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு ஒரு குலை. கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸை எடுத்தால், கேஸ்ட்ரோ என்றால் இரைப்பை, என்டர் என்றால் குடல், அடிச் சீப்பான ஐட்டிஸ் என்றால் அழற்சி. ஒவ்வொரு சீப்புக்குள்ளும் பழங்கள்போல அசைகள்: கேஸ், ட்ரோ. எத்தனையோ நோய்களுக்கு அடிச் சீப்பு ஒன்றேதான் என்று கண்டதும் அவள் முகத்தில் பாதிப் பயம் போய்விட்டது.

"ஏட்டி, காயைப் பழுக்கவைக்க மந்திரம் ஓதுதியா?" என்பார் பழம் வாங்க வரும் மாமா ஒருவர்.

"ஓதுன பழம் இனிக்கும் மாமா, வாங்கிட்டுப் போவும்" என்பாள் இவள்.

பரீட்சை திருவனந்தபுரத்தில். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். வியர்த்துப்போய் வந்தவள் தானாகவே நடந்ததைச் சொன்னாள். பரீட்சை வைத்த டாக்டர் அவள் படித்தேயிராத சொல்லைக் கேட்டிருக்கிறார்: குளோமெருலோநெஃப்ரைட்டிஸ்.

"அடிச் சீப்பு தெரியும் அண்ணே, அழற்சி. அதுக்கு மேல நெஃப்ர், சிறுநீரகம். அதுக்கும் மேல உள்ளது தெரியாதுன்னு உள்ளதச் சொல்லிட்டேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. மீதிய வார்டுல படிச்சுக்க, நீ பாஸுன்னாரு."

காலையில் வாழையிலையில் கட்டிக் கொண்டுபோன பொதிச்சோற்றை அதன் பிறகுதான் அவிழ்த்தோம். ஆறிப்போன அந்தச் சோறும் துவையலும்போல ருசியாக நான் பிறகு எதையும் தின்றதில்லை.

இப்போதும் உங்கள் அத்தை ஆஸ்பத்திரி வேலையிலிருந்து லீவில் வந்தால், முதலில் கடைக்குத்தான் வருவாள். தொங்குகிற குலையின் மேல் சீப்பை விரலால் தட்டுவாள். "இப்ப இதும் தெரியும் அண்ணே, குளோமெருலோ. சிறுநீரகத்துக்குள்ள உள்ள பொடிப் பொடி ரத்தக்குழாய் முடிச்சாக்கும்" என்பாள்.

அந்தச் சீப்பைத்தான் அவளுக்கு அரிந்து கொடுப்பேன்.