கொத்துக்குப் பயந்து சுஷிக்குப் போனேன்

சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவனுக்குக் காது இரண்டும் சும்மா பேருக்குத்தான் இருக்கணும். வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் உள்ளே விட்டால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். மேசை துடைத்துப் பிழைக்கும் சகோதரங்களே, உங்களுக்கு இது புதுசில்லை.

என் காது ஏற்கனவே பாதி போய்விட்டது. புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வந்து, வருஷக்கணக்கில் சூடான கல்லில் ரொட்டியை இரண்டு தகட்டால் அடித்து நொறுக்கிக் கொத்துரொட்டி போட்டவன் நான். படுத்தாலும் காதுக்குள் டங்கு டங்கென்று தகடு அடிக்கும். ஜப்பானில் இருந்துவிட்டு வந்த ஒருவர் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சுஷிக் கடை திறக்கிறார், குசினியில் சத்தமே இருக்காது என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். முதலாளி ஒன்றுதான் சொன்னார்: தீபாவளிக்குள் கூட்டம் வராவிட்டால் கொத்துதான். அதற்கான கல்லையும் முன்கூட்டியே வாங்கி மூலையில் சாத்தி வைத்திருந்தார். நம்பிக்கை என்றால் அப்படி இருக்கணும்.

வெங்காயம் எங்கே?

முதல் வாடிக்கையாளர் மாநகர சபையில் கிளார்க். உட்கார்ந்ததும் குழம்பு கேட்டார். இல்லை என்றேன். பருப்பாவது? அதுவும் இல்லை. சோற்றின் மேலிருந்த பச்சை மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காஸ் முடிந்துவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தார்.

பிறகு சோற்றை வாயில் வைத்தார். வினாகிரி சேர்த்து, கை வலிக்க விசிறி ஆற்றிய சோறு. மென்றார், யோசித்தார், என்னைப் பாவமாகப் பார்த்தார். "தம்பி, ஆறிப்போன புளிச்ச சோறு எங்க வீட்டுலயே இருக்கு. அதுக்கு வெங்காயமும் தருவாங்க."

உரித்த விருந்து

ஒரு வெள்ளிக்கிழமை புடவைக்கடைக் குடும்பமொன்று கோயிலிலிருந்து நேராக வந்தது. மரக்கறி மட்டும்தான் என்றார்கள். அவர்கள் கண் முன்னாலேயே கத்தியையும் பலகையையும் கழுவி, சோற்றுக்குள் வெள்ளரிக்காய் வைத்துக் கறுப்பு இலையில் சுற்றி உருட்டிக் கொடுத்தேன். குடும்பத்து அம்மா அந்தக் கறுப்பு இலை என்னவென்று கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா? கடலில் விளைவது, நல்ல சத்து என்று விளக்கமும் கொடுத்துத் தொலைத்தேன்.

குடும்பமே கையை எடுத்துவிட்டது. அப்புறம், நான் மெனக்கெட்டுச் சுற்றியதையெல்லாம் எல்லாரும் மெனக்கெட்டு உரித்தார்கள். வெறும் சோறும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டு எழும்பும்போது அந்த அம்மா சொன்னார்: "கடல்லருந்து வந்தா அது மரக்கறி இல்லீங்க."

கை வைக்காத துண்டு

நம் தேத்தண்ணிக் கடைகளில் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், கட்லட் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். மடுல்கெல்லயில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒரு பெரியவர் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். முழுத் தட்டு சுஷியில் மூன்றைத் தின்று, மிச்சத்தை என் பக்கம் தள்ளினார்.

முழுத் தட்டுக்கும் பில் போனது. பெரியவருக்கு முகம் சிவந்தது. முதலாளியே வந்து ஜப்பான் முறையை விளக்கினார். பெரியவர் கடைசிவரைக்கும் மரியாதையாகக் கேட்டார். "மிச்சத்த அடுத்த மேசைக்கு அனுப்புங்க தம்பி, நான் கை வைக்கல."

மூலையில் இருந்த கல்

தீபாவளி நெருங்கியது. மேசைகள் காலி. அந்தக் கல்லைப் பார்த்தாலே எனக்குக் காது இரைந்தது. முதலாளி வெளியே போயிருந்த ஒரு சனிக்கிழமை, வருவது வரட்டும் என்று பெரியவர் சொன்னபடியே செய்தேன். மேசைக்கொரு தட்டு கலவையாக சுஷி, பக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டசம்பல், ஒரு கோப்பை மீன் குழம்பு. தின்றதற்கு மட்டும் காசு. மரக்கறிக்காரர்களுக்குக் குழம்பும் இல்லை, இலையும் இல்லை.

செய்தி பரவிவிட்டது. திரும்பி வந்த முதலாளியும் கல்லாப் பெட்டியைப் பார்த்துவிட்டு, இப்படியே நடத்து என்றார். கிளார்க் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து சுஷியைக் குழம்பில் முக்கி முக்கிச் சாப்பிட்டார். புடவைக்கடைக் குடும்பம் உரிக்கிற வேலையில்லாமல் சாப்பிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் உட்காரக் கதிரை இல்லை. ஜப்பான்காரன் பார்த்திருந்தால் அழுதிருப்பான். நானும் அழுதேன், சந்தோஷத்தில். என் காது தப்பிவிட்டதே!

கூட்டம் கலைந்ததும் தட்டுகள் குசினிக்குத் திரும்பின. யாரும் கை வைக்காத துண்டுகள் குவிந்து கிடந்தன. முதலாளி அதைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். "இவ்வளவையும் வீசுறதா? கல்ல சூடாக்கு, கொத்திருவோம்."

இப்போது எங்கள் கடையில் சுஷிக் கொத்துக்குத்தான் கூட்டம். பகலெல்லாம் சத்தமில்லாமல் உருட்டியதைப் பொழுதுபட்டதும் நானே டங்கு டங்கென்று அடித்து நொறுக்குகிறேன், இதற்குப் பெயர் பதவி உயர்வாம்.