உப்பில்லாக் கறிக்கு ஒரு சாட்சி

போன செவ்வாய்க்கிழமை ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தது. பயப்படாதீர்கள் – நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. பிரஷருக்குக் குளிசை போட்டேன். அவ்வளவுதான்.

அந்தக் குளிசையால் பிரஷர் இறங்கியது உண்மை. கூடவே நாக்கின் ருசியும் இறங்கிவிட்டது. நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் வேலை செய்கிறேன். ஒருநாள் வாடிக்கையாளருக்கு வெட்டிய மெலன் துண்டு ஒன்றை வாயில் போட்டேன்... ஈரக் கடதாசி!

டாக்டரிடம் சொல்ல வெட்கம். பெரிய படிப்புப் படித்தவரிடம் போய், ‘ஐயா, நாக்கு வேலை செய்யவில்லை’ என்று எப்படிச் சொல்வது? வீட்டிலும் சொல்லவில்லை. அங்கே வேறு சிக்கல்.

பிரஷர் என்றதும் என் மனைவி பவானி கறிகளுக்கு உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். முதல் நாள் அகப்பையோடு பக்கத்தில் நின்று கேட்டாள்: “எப்பிடியிருக்கு?”

“நல்லாயிருக்கு.”

வேறு என்ன சொல்வது? மனைவி அகப்பையோடு நிற்கும்போது உண்மை பேசிய ஆண்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

இப்படியே ஒரு வருடம். பிறகு டாக்டரே குளிசையை மாற்றினார். மெல்ல மெல்ல ருசி திரும்பியது. திரும்பிய அன்று பவானியின் கத்தரிக்காய்க் குழம்பை வாயில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அவ்வளவு நல்லாயிருக்கோ?” என்றாள்.

“ஓம்” என்றேன்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தச் சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கடிதமோ பிரெஞ்சில். அதிலிருந்த நம்பருக்கு அடித்தேன். நல்ல காலம், அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வேலை செய்கிறாள். அதே குளிசையால் ருசி போனவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து மருந்துக் கம்பனிமேல் வழக்குப் போட்டிருக்கிறார்களாம். எனக்கும் அதேதான் நடந்தது என்றேன்.

“வீட்டில ஒராள் சாட்சி சொன்னா நல்லது அங்கிள். அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

கூட்டிக்கொண்டு போனேன். பிரஷர் குளிசை விஷயம் என்று மட்டும்தான் பவானிக்குச் சொல்லியிருந்தேன். மெட்ரோவில் மிச்சத்தையும் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்தது, போனது... வாய் திறக்கவில்லை.

அலுவலகத்தில் பிள்ளை கேட்டாள்: “அன்ரி, அங்கிளுக்குச் சாப்பாட்டில ருசி தெரியேல்லை எண்டு எப்ப கவனிச்சனீங்கள்?”

“இவருக்கோ? ஆர் பிள்ளை சொன்னது? ஒருநாளும் குறை சொன்னதில்லை. உப்பில்லாத குழம்பையே ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிடுவார்!”

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் சொந்தச் சாட்சியே என் வழக்கை முடித்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள்... அப்ப உங்கட பேரை எடுத்துவிடவோ?”

பேனை என் பெயருக்கு மேலே நின்றது. ஒரு வருடம் நாக்குச் செத்துக் கிடந்தேனே, அது பொய்யா?

“இல்லைப் பிள்ளை. உண்மையாவே ருசி தெரியேல்லை. ஒரு வருசம்.”

பவானி மெல்லத் திரும்பினாள். “அப்ப... நல்லாயிருக்கு எண்டது?”

“நீர் பக்கத்தில நிண்டனீர்...”

“ரெண்டாம் தரம் வாங்கினது?”

“அகப்பையோட நிண்டனீர்...”

“ஐயோ பிள்ளை! இவர்ரை சொல்லைக் கேட்டு, லவாலில இருக்கிற என்ரை அண்ணையின்ரை அறுபதாம் பிறந்தநாளுக்கும் அதே கறியைத்தான் காய்ச்சிக்கொண்டு போனனான். அண்டையில இருந்து அண்ணை எங்கட வீட்டுப் பக்கமே வாறேல்லை!”

குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் மயக்கம், தலைசுற்று, வாந்தி எல்லாம் எழுதியிருக்கிறார்கள். மைத்துனர் கோபித்துக்கொள்வார் என்று எங்கே எழுதியிருக்கிறது?

பவானி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். “பிள்ளை, பாதிக்கப்பட்ட ஆக்கள் எல்லாரும் இதில சேரலாம்தானே? என்ரை பேரையும் எழுதுங்கோ.”

“நீங்களும் அந்தக் குளிசை போட்டனீங்களோ அன்ரி?”

“இல்லை. இவர் சொன்னதை நம்பினனான்.”

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் எல்லாவற்றையும் எழுதினாள். உப்பே இல்லாத கறியை ஒரு வருடம் புகழ்ந்தவனுக்கு நாக்கு வேலை செய்யவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? என் பெயர் தப்பியது.

கம்பனியோடு உள்ள வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டு வழக்கில் தீர்ப்பு அன்றே வந்துவிட்டது – இனிச் சமையல் நான். நேற்று என் முதல் குழம்பு. பவானி வாயில் வைத்துப் பார்த்தாள். “வாயில வைக்கேலாது” என்றாள்.

எங்கள் வீட்டில் ஒருவராவது உண்மையைச் சொல்கிறார்.