நான் ஆத்தாவாக இருந்த நாட்கள்

எட்டு வயதில் நான் சில நாட்கள் மாரியாத்தாவாக இருந்திருக்கிறேன். நாடகத்தில் அல்ல, சொந்த வீட்டில். அந்த நாட்களில் அய்யா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அத்தை என் தலையில் குட்டவில்லை, பள்ளிக்கூடம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பிற்பாடு பெரிய மனுஷியாகி எத்தனையோ கூட்டங்களில் மாலை போட்டுக்கொண்டுவிட்டேன். அந்த மரியாதை மறுபடி கிடைக்கவே இல்லை.

எங்கள் ஊர் சிவகாசிப் பக்கம், விஸ்வநத்தம் தாண்டிப் போக வேண்டும். அய்யா தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் பகுதிக்கு மேஸ்திரி. அம்மாவும் அய்யாவின் அக்காவான அத்தையும் வீட்டில் இருந்தபடியே கம்பெனிக்குப் பெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள். எனக்கு அடுத்து ஒரு தம்பி, அப்போதுதான் தவழப் பழகியிருந்தான்.

அந்தக் கோடையில் பக்கத்து ஊரில் அம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அதன் பின்னாலேயே, அம்மை குத்த சர்க்கார் ஆட்கள் தெருத் தெருவாக வருகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. எங்கள் தெருவைக் கலங்க அடித்தது இரண்டாவது செய்திதான். அத்தைக்குக் காரணம் சாமி. தானாக வருகிற ஆத்தாவை ஊசி வைத்து வாசலில் நிறுத்திவிட்டு, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு எந்த முகத்தோடு போவது என்றாள். அய்யாவுக்கு சாமி பயம் அவ்வளவாகக் கிடையாது. அவருக்குக் காரணம் லேபிள்.

அவர் பார்த்த வேலை அப்படி. ஒரே குச்சி, ஒரே பெட்டி. ஒரு லோடுக்கு மயில் படம் ஒட்டுவார்கள், அடுத்த லோடுக்குப் புலி. மயில் ஒரு சீமைக்குப் போகும், புலி இன்னொரு சீமைக்கு. புலி வாங்குகிற ஊர்க்காரன், மயில் சீக்கிரம் நமத்துப்போகும் என்று சத்தியமே செய்வானாம். வருஷக்கணக்காக இதைப் பார்த்துச் சிரித்த மனிதருக்கு, உலகத்தில் எந்தப் புட்டியின் மேல் ஒட்டியதையும் நம்ப முடியாமல் போய்விட்டது. இருமல் மருந்து வாங்கினால்கூட, லேபிளை நகத்தால் சுரண்டி, அடியில் இன்னொரு லேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுப்பார். அதற்குள் எங்களுக்கு இருமல் நின்றிருக்கும்.

"மருந்துக் கம்பெனி மட்டும் என்ன வானத்துலருந்தா குதிச்சிருக்கு? அதுவும் கம்பெனிதான். அங்கனயும் என்னையப் போல ஒருத்தன் ஒக்காந்து ஒட்டிக்கிட்டுத்தான் இருப்பான்" என்றார்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது வழக்கம். கட்டிவிட்டால் வெளியாட்கள் படியேற மாட்டார்கள். அய்யா ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, அம்மை வராமலேயே வேப்பிலையைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தார். ஏற்கெனவே அம்மை கண்ட வீட்டில் அம்மை குத்துகிறவருக்கு என்ன வேலை?

அம்மா மட்டும் கேட்டாள்: "இந்த வாசல்ல ஒரு தடவ கட்டுனது போதாதா ஒங்களுக்கு?"

அய்யா இன்னொரு கொத்தை எடுத்துக் கட்டி முடித்தார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முன்னால் எப்போது கட்டினார்கள் என்று நான் கேட்டதற்கு, வாயை மூடச் சொன்னாள் அத்தை.

அடுத்து, அம்மை யாருக்கு என்ற கேள்வி வந்தது. தம்பியைப் படுக்க வைத்தால் தவழ்ந்து தெருவுக்கே போய் மானத்தை வாங்கிவிடுவான். ஆகவே நான்.

பொய்யாகக் கட்டினாலும் வேப்பிலை வேப்பிலைதான், முறை தவறினால் ஆத்தா நிஜமாகவே வந்து உட்கார்ந்துகொள்வாள் என்றாள் அத்தை. அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு கிடையாது, கருவாடு கிடையாது, யாரும் தலை வாரக் கூடாது, கடுஞ்சொல் பேசக் கூடாது. கருவாடு இல்லாமல் ஒரு கவளம் இறங்காத அய்யா, தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டு கூழைக் குடித்தார்.

எனக்கோ வேப்பிலைப் படுக்கை, இளநீர், பனங்கற்கண்டு. அம்மை கண்ட பிள்ளை அந்த வீட்டுக்கு ஆத்தா. கேட்டதைக் கொடுக்க வேண்டும். "என்ன தாயி வேணும்?" என்று அத்தை குனிந்து கேட்பாள். விசிறச் சொன்னேன், விசிறினாள். அய்யாவைத் தோப்புக்கரணம் போடச் சொன்னேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவரும் போட்டார். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை: சாத்தூர்ச் சேவு. ஆத்தாவுக்குக் காரம் ஆகாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கேட்டது கிடைக்காத சாமியாக இருப்பதில் என்ன லாபம் என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

அம்மை குத்துகிறவர் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கி, வேப்பிலையைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அய்யா மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாளே வினை தொடங்கியது. ஒட்டின பெட்டிகளை எடுத்துப் போக வரும் கம்பெனி ஆள் தெருமுனையோடு நின்றுவிட்டான். ஆத்தா விளையாடுகிற வீட்டுப் பெட்டியை யார் தொடுவது? பெட்டிகள் வீட்டுக்குள் கூரை வரை ஏறின. அய்யாவையும் கம்பெனி வாசலிலேயே மறித்து, பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அது மட்டுமில்லை. வேப்பிலை கட்டின வீடு எது என்று கண்டால் மேலே சொல்ல வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவாம். ஊசியை விரட்டக் கட்டிய வேப்பிலை சர்க்காரைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரி நர்சம்மாவே நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது.

அவர் வருகிற நாள் காலையில் அம்மா மட்டும் என்னிடம் வந்தாள்.

"நர்சம்மா வருது. ஒன்னயக் கேட்டா, குத்தச் சொல்லு. தம்பிக்கு மொதல்ல குத்தச் சொல்லு. சொன்னேன்னா சேவு வாங்கித் தாரேன்."

"சாத்தூர்ச் சேவா?"

"சாத்தூர்ச் சேவுதான்."

"அத்தை வையுமே?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

நர்சம்மா வெள்ளைச் சேலையும், கையில் ஐஸ் போட்ட குடுவையுமாக வந்தார். அத்தை வாசலை மறித்துக்கொண்டாள்.

"ஆத்தா உத்தரவு இல்லாம உள்ள வரக் கூடாது. நீங்க வேதக்காரக, சர்ச்சுக்குப் போறவுக, ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியும்க்கா. உத்தரவு கேட்டுட்டு வாங்க, நிக்கேன்" என்றார் நர்சம்மா.

"அதான, கேட்டுருவோமே மதினி" என்றாள் அம்மா, பெட்டிக் குவியலுக்குப் பின்னாலிருந்து.

அத்தைக்கு வேறு வழியில்லை. என் முன்னால் வந்து கைகூப்பிக் கேட்டாள். நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, தொண்டையைத் தடிக்க வைத்துக்கொண்டேன். "குத்தச் சொல்லு. தம்பிக்கு மொதல்ல. பொறவு ஒனக்கு. பொறவு அவனுக்கு" என்று அய்யாவைக் கை காட்டினேன். கடைசி இரண்டும் என் சொந்தச் சரக்கு.

பொய் ஆத்தா என்பது அத்தைக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை நாள் முறை தவறாமல் கும்பிட்டதில் அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பட்டென்று விழுந்து கும்பிட்டாள்.

நர்சம்மா உள்ளே வந்து என் மேலிருந்த வேப்பிலையை விலக்கிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். நர்சம்மா வேப்பிலையைப் பழையபடி மூடிவிட்டார். தம்பிக்குக் குத்தினார்கள், வீடே அலறியது. அத்தை சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டே கையைக் கொடுத்தாள். அய்யா மட்டும் சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"லேபிளக் காட்டுங்க நர்சம்மா."

நர்சம்மா மருந்து அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொடுத்தார். அய்யா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது, படமே இல்லயே?"

"மருந்துக்கு எதுக்கு அண்ணாச்சி படம்?"

அய்யா குழாயைத் திருப்பிக் கொடுத்தார். "விக்கணும்னு நெனக்கிறவன் இம்புட்டு மொட்டையா அனுப்ப மாட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சட்டையைக் கழற்றினார். அம்மை குத்துகிற, பல் வைத்த சின்னத் தகட்டைத் தோளில் வைத்துத் திருகியபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு "ஆத்தா!" என்று கத்தினார். என்னைக் கூப்பிட்டாரா, இருக்கன்குடிக்காரியையா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே, படம் போடாத சரக்கு, நம்பிக் குத்திக்கொள்ளலாம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். சர்க்கார் தமுக்கு அடித்துச் சொன்னதற்கு வராதவர்கள் அதற்கு வந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் நர்சம்மா என் பக்கம் திரும்பியிருந்தார். "நான் ஆத்தா. எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஆத்தா இப்பத்தான் எறங்கிட்டா நர்சம்மா" என்று சொல்லி, அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என் தெய்வத்தன்மை ஒரு திருகில் முடிந்துபோனது.

பொழுது சாயும்போது வாசலில் வேப்பிலை இல்லை. அடுப்படியில் கடுகு வெடித்தது. அய்யா தெருவிலும் அத்தை கிணற்றடியிலும் இருந்தார்கள். நான் வீங்கின கையோடு, அழுது ஓய்ந்து படுத்திருந்தேன். அம்மா வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். சேவு என்று நான் வாயெடுப்பதற்குள் குனிந்து, என் இரண்டு காலையும் பிடித்து, அதில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. என் கால் நனைந்தது.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான். அவனுக்காக அந்த வாசலில் கட்டிய வேப்பிலை பொய்யில்லை. அவனுக்கு அம்மை குத்த வந்தவரைத் திருப்பி அனுப்பியபோது அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னவளே இப்படிக் காலில் கிடக்கிறாளே, ஒருவேளை நான் இன்னும் இறங்கவில்லையோ என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது. கண்ணை மூடி, தலையை ஆட்டி, தொண்டையைத் தடிக்க வைத்துக்கொண்டு கேட்டேன்:

"சேவு எங்கடி?"