கிராணியாரின் கிணற்றுப் பல்

பல் கட்டும் கடைக்குச் சிரித்த முகத்தோடு படியேறி வருகிறவர் யாரும் கிடையாது. பத்து விரலையும் பிளாஸ்டர் மாவில் விட்டுப் பிழைக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? வரும்போது வலி, போகும்போது குறை. வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில் மலாக்கா டவுனில் நான் பல் செட்டுச் செய்துகொண்டிருந்தபோது, வாயே இல்லாமல் ஒரு பல் வந்து என்னைப் படுத்திய கதை இது.

வாயில்லாத பல்

கொண்டுவந்தவர் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார். கல், சிப்பி, எலும்பு என்று எது கிடைத்தாலும் பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறவர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை முள்கம்பி வேலிக்குள் ஒன்றாகச் சேர்த்தபோது அங்கே புதுக் கிணறு வெட்டினார்களாம். ஆழத்தில், கருஞ்சேற்றில், கடல் சிப்பிகளுக்கு நடுவே இது கிடைத்திருக்கிறது. ஒரு விரல் நீளம், வெல்ல நிறம், மேலே வழவழப்பு, அடியில் வரிசையாகப் பள்ளமும் மேடும். தோட்டத்துத் துரை இதை உடைந்த சீப்பு என்று சொல்லிச் சிரித்துவிட்டார். மாதம் முடிவதற்குள் அந்தக் குப்பை டின்கள் ஸ்டோரை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

கிராணியாருக்கு இது மீன் பல் என்று நிச்சயம். சிங்கப்பூரில் இதையெல்லாம் ஆராயும் ஒரு நிபுணருக்குப் படம் வரைந்து அனுப்பியிருந்தார். படத்தை வைத்துச் சொல்ல முடியாது, பொருளை அனுப்பு என்று பதில் வந்திருந்தது. போனது திரும்பி வருமா என்ற பயத்தில், அச்செடுத்து அதே மாதிரி ஒன்று செய்துதரச் சொன்னார். எனக்கு மனிதப் பல்தான் பழக்கம் என்று நழுவப் பார்த்தேன். "பல்லுன்னா பல்லுதான் தம்பி. இதுக்கு வாயத் தொறன்னு சொல்ற வேலகூட உங்களுக்கு இல்ல."

கடித்துப் பார்த்தவர்

இரண்டு நாள் கழித்து, முன்பல் உடைந்த ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வந்தார். நான் அச்செடுத்து முடித்து, கிராணியாரின் பல்லில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் போக்க மிதிசக்கரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் என் கையைப் பார்த்தார், நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

அந்தத் தோட்டத்து கேட்டில் சோதனை போடுகிறவர் அவர்தான். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்த காலம் அது. கிராணியாரின் கைக்குட்டையை அவிழ்த்தால் உள்ளே வெல்ல நிறத்தில் ஒரு துண்டு. கூலா மலாக்கா வெல்லம்தான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். மீன் பல் என்று கிராணியார் சொன்னதை யார் நம்புவார்கள்? சந்தேகம் தீரட்டும் என்று ஒரு கடி கடித்திருக்கிறார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், சக்கரத்தை மிதித்துக்கொண்டே. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "டூட்டியில போன பல்லு அண்ணே. மீனு கடிச்சிச்சுன்னா ரிப்போர்ட் எழுதுறது?"

கைப்பழக்கம்

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பிளாஸ்டர் போயிருந்தது. அதோடு ஒரு முனையின் பழுப்பும் போயிருந்தது. கறையைக் கண்டால் தேய்க்கிற கை இது. யார் பல், எந்தக் காலத்துப் பல் என்று அதற்குத் தெரியுமா? அந்த முனை மட்டும் உள்ளே ஊசி குத்தினாற்போலப் புள்ளி புள்ளியாகத் தெரிய, புது செட்டு மாதிரி மின்னியது. பழுப்பு திரும்ப ஏறட்டும் என்று கெட்டித் தேத்தண்ணீர் போட்டு அந்த முனையை அதில் ஊற வைத்தேன். திருட்டுப் புத்திதான், ஒத்துக்கொள்கிறேன்.

கிராணியார் வந்தார். பல்லைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவரோ கண் கலங்கி நின்றார். வெட்கமாக இருந்தது. மாதக் கடைசி நெருங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல், நான் செய்த நகலை வாங்கிக்கொண்டு, அசலை அப்படியே தபாலில் போடுவதாகச் சொல்லிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "எத்தனையோ ஆயிரம் வருசம் சேத்துக்குள்ள பத்திரமா இருந்துச்சு தம்பி. உங்க கடையில நாலு நாள் இருக்க முடியல."

விட்டுப்போன வரி

அதன்பிறகு தபால்காரரைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசியது. ஒருநாள் காலை கிராணியார் கையில் கடிதத்தோடு படியேறினார், சிரித்த முகத்தோடு. உட்காராமலே தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். அது சிப்பியை நொறுக்கித் தின்னும் திருக்கை மீனின் பல், மிகப் பழையது, இவ்வளவு அகலமானதை அந்த நிபுணரே பார்த்ததில்லை, ரப்பர் நிற்கிற அந்த இடம் ஒரு காலத்தில் கடல். நடுவில் ஓரிடத்தில் கிராணியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு வரியைத் தாண்டிப் போனார்.

வாங்கிப் பார்த்தேன். முனையை மெருகிட்டதால்தான் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் தெரிந்தன, இன்ன மீன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது, நேர்த்தியாகச் செய்தவருக்கு என் நன்றி என்று எழுதியிருந்தது. தேத்தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. டின்கள் என்னவாயின என்று கேட்டேன். ஸ்டோரிலேயே இருக்கின்றனவாம், துரையே விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுகிறாராம். அதோடு நிறுத்தியிருக்கலாம் அவர். "மெருகு போட்டது நான்தான்னு துரைகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன் தம்பி. யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

வலித்தால் நம் பெயரைச் சொல்வார்கள், அழகாகச் சிரிக்க வந்துவிட்டால் அது அவர்கள் சொந்தப் பல் என்பதற்குமேல் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.