கார் பார்க்கில் நின்ற ரசிகர்கள்

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில், பிரஷர் குளிசைக்கான சீட்டை என்னிடம் நீட்டியபடிதான் சித்தப்பா அந்தச் செய்தியைச் சொன்னார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "பிள்ளை, எங்களுக்கு ஒரு பப் கிடைச்சிருக்கு. கிளென் ஈடனில. வெள்ளிக்கு வெள்ளி வந்து வாசிக்கச் சொல்லிட்டினம்" என்றார். எழுபதை நெருங்கும் மனிதர் அப்படி முகம் முழுக்கச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. வந்த வேலையை மறந்து வெறுங்கையோடு போய்விட்டார். குளிசையை மாலையில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சித்தப்பா என்றால் அப்பாவின் ஒரே தம்பி. இளமையில் வெள்ளவத்தையில் இரண்டு கூட்டாளிகளோடு ராக் இசைக்குழு வைத்திருந்தவர். இவர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். ஒருவர் ட்ரம்ஸ், மற்றவர் பேஸ் கிட்டார். பாட்டுகள் பாதி தமிழ், பாதி ஆங்கிலம், எல்லாம் அவர்களே எழுதியவை. கொழும்புக் கடற்கரை ஓட்டல்களில் ஆட்கள் மேசைமேல் ஏறி நின்று ஆடுவார்களாம். எங்கள் வீட்டில் இதை யாரும் பெருமையாகச் சொல்லவில்லை. தம்பிக்குக் கொடுத்த 'உருப்படாதவன்' என்ற பட்டத்தை அப்பா சாகும்வரை திரும்பப் பெறவில்லை. கலவரத்தோடு குழு ஆளுக்கொரு நாடாகச் சிதறியது. அவரவர் பிள்ளைகள் கூப்பிட்டு, விசா கிடைத்து, மூவரும் ஆக்லாந்தில் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது மூவருக்கும் தலை வழுக்கை. ட்ரம்ஸ் அங்கிளுக்கு முழங்காலில் வேறு சத்திரசிகிச்சை.

இங்கே அவர்களைக் கூப்பிட்டதெல்லாம் கலியாணத்துக்கும், பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கும் சாமத்தியவீட்டுக்கும்தான். "கலியாண ஹோலில பாடினா சோத்துக்கு வந்த ஆக்கள் கேப்பினம். பப்பில பாடினா பாட்டுக்கு வந்த ஆக்கள் கேப்பினம்" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். வலது காது அவருக்கு ஏற்கெனவே போய்விட்டது. இடதும் போய்க்கொண்டிருக்கிறது, அதிக நாள் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மிச்சமிருக்கும் அந்த ஒரு காது கேட்கும்போதே, சோறு போடாத ஒரு மேடையில், உண்மையான குழுவாக நின்று வாசித்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

முதல் வெள்ளியே சனம் திரண்டு வந்தது. நம்மவர் குழுவென்றால் விட்டுக்கொடுக்க முடியுமா? சேலை உடுத்திய மாமிகள், ஓடித்திரியும் பிள்ளைகள், டப்பா டப்பாவாக ரோல்ஸ், கட்லட். வழக்கமாக அங்கே குடிக்க வரும் வெள்ளைக்காரக் கிழவர்கள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். இரண்டு பாட்டு முடிவதற்குள் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். "போனைக் காரில விட்டிட்டன்" என்றார் ஒருவர். "வண்டிய லாக் பண்ணேனான்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்றார் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எங்கள் கொண்டாட்டங்களில் குடி நடப்பது கார் பார்க்கில். டிக்கியைத் திறந்தால் உள்ளே ஐஸ் நிரப்பிய சில்லிபின் பெட்டி, அதற்குள் போத்தல், பக்கத்தில் பிளாஸ்டிக் கோப்பைகள். மனைவிக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் மரியாதை அப்படி. ஏலக்காயை மென்றபடி திரும்பி வந்து அவர்கள் ஆடிய ஆட்டத்தில் தரை அதிர்ந்தது. பாரில் விலைபோனது பிள்ளைகளுக்கு வாங்கிய லெமனேட் மட்டும்.

மூன்றாவது வெள்ளி, குப்பை கொட்ட வெளியே போன பப் மேனேஜர் வரிசையாகத் திறந்திருந்த டிக்கிகளைப் பார்த்துவிட்டார். நல்ல பெண். கோபப்படவில்லை. உங்கள் பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நான் விற்பது பியர், அடுத்த வெள்ளியும் பார் இப்படிக் கிடந்தால் முதலாளி நிறுத்தச் சொல்லிவிடுவார் என்றார். அவர் சொன்னது சித்தப்பாவின் வலது காதுப் பக்கம். நான்தான் அதை இடது காதில் திருப்பிச் சொன்னேன். சித்தப்பா தலையாட்டிவிட்டு நேரே மேடைக்குப் போனார். ஏதோ நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ மைக்கைப் பிடித்து, "அன்பான உறவுகளே, ஒரு சின்ன வேண்டுகோள். வெளியில கார் பார்க்கில நிண்டு குடிக்கிற ஆக்கள் தயவுசெய்து உள்ளுக்க வந்து, இஞ்ச வாங்கிக் குடியுங்கோ. அப்பத்தான் நாங்கள் தொடர்ந்து வாசிக்கலாம்" என்றார்.

அந்த நொடிவரை அங்கே ஒருவரும் குடிக்கவில்லை. மைக்கில் சொன்னதும் அத்தனை பேரும் குடிகாரர்களானார்கள். மருமகன் மாமனாரைப் பார்க்கவில்லை, மாமனார் மருமகனைப் பார்க்கவில்லை. ஒரு மாமி கட்லட் டப்பாவை மூடினார். அடுத்த பாட்டுக்கு யாரும் ஆடவில்லை. வீட்டுக்குப் போகும்போது சித்தப்பா காருக்குள், "வடிவா விளங்கப்படுத்திட்டன், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அடுத்த வெள்ளி ஒருவரும் வரவில்லை. காய்ச்சல், டியூஷன், ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று என் போனில் சாக்குப்போக்குகள் வந்து குவிந்தன. ஒரு அன்ரி மட்டும் உண்மையைச் சொன்னார். "பிறகு எப்பிடிப் பிள்ளை வாறது? என்ர மாமிக்கு முன்னால இவர் பாரில போய் நிக்கிறதோ?" அவர்மேல் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. பப்பில் அந்தக் கிழவர்கள் டிவியில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் ஒரு பாட்டையும் விடாமல் வாசித்தார்கள். கதவு அசையும்போதெல்லாம் சித்தப்பாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

இடைவேளையில் அவர் பாருக்குப் போனார். சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டும் தொடாதவர் பியர் வாங்கினார். கொண்டுவந்து வெறும் மேசையொன்றில் வைத்தார். திரும்பிப் போய் இன்னொன்று வாங்கி அடுத்த மேசையில் வைத்தார். இப்படியே எல்லா மேசைகளுக்கும். "ஆருக்கடா இது?" என்று பேஸ் அங்கிள் கேட்டார். "வருவினம்" என்றார் சித்தப்பா. மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு எங்கள் சனத்தின்மேலும் கோபம் வந்தது, அவர்மேலும் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. முடிந்ததும் மேனேஜர் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த மேசைகளில் ஒரு கிளாஸும் குறையவில்லை.

அதன்பிறகு அவர் பப்பைப் பற்றிப் பேசியதில்லை. போன சனிக்கிழமை பிளாட் புஷில் ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள். பழைய மனத்தாங்கலை எல்லாரும் மறந்துவிட்டார்கள், அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். பிரியாணி வரிசைக்குப் பக்கத்தில் மூவரும் கதிரை போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். கொழும்பு ஓட்டல்களில் ஆட்களை மேசைமேல் ஏற்றிய பாட்டு. பிள்ளையின் தகப்பன் வந்து, "அங்கிள், சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ, சனம் கதைக்க ஏலாமல் கிடக்கு" என்றார். சித்தப்பா குறைத்தார். இன்னும் கொஞ்சம் என்று தகப்பன் கையைக் காட்ட, இன்னும் குறைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே அப்போது பாட்டு மட்டுமட்டாகத்தான் கேட்டது. அவருடைய இடது காதுக்கு அது எட்டியிருக்க வழியே இல்லை. விரல்கள் மட்டும் கம்பிகளில் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்ததும் மைக்கருகே குனிந்து, "இப்ப சரியோ?" என்று சபையைக் கேட்டார். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.