கழுத்துக்கு மேலே மட்டும்

மார்கழிப் பனியில், ஏதோ நல்ல காரியம் செய்கிற நினைப்போடுதான் ஆரம்பித்தேன். தினமும் ஒரு படம் வரைவது. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ஆனாலும் பென்சில் பிடிக்கத் தெரியும் என்று கொஞ்சம் கர்வம் உண்டு. வரைவதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தார். சர்க்கரைப் புண்ணால் காலை ஊன்ற முடியாமல் கட்டிலோடு கிடந்த அப்பா.

காலை ஆறரைக்கு அக்கா அவர் பாதத்துக் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவுவாள். அதே நேரத்தில் நான் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு நோட்டை விரிப்பேன். அப்போதுதான் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று சொல்லிக்கொள்வேன். சுத்தப் பொய். கையில் நோட்டு இருந்தால், கிண்ணத்தைப் பிடி, பஞ்சை எடு என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். சாயங்காலம் அவள் மறுபடி கட்டு மாற்றும்போது நான் டியூஷன் எடுக்கப் போயிருப்பேன். பெற்ற தகப்பன் கால்தான். இருந்தாலும் எனக்குக் குமட்டியது.

மாசியில் பனி விலகி, பங்குனி வெயில் ஏறியதும் வாடை கூடிவிட்டது. ஜன்னல் வழியே வந்த வேப்பம்பூ வாசமும் அதோடு கலந்து இன்னும் மோசமாக்கியது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டே வரைந்தேன். எல்லாப் படமும் கழுத்துக்கு மேலேதான். கண் மூடிய, சாந்தமான முகம். ஒவ்வொன்றையும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். "அப்பா மேல எம்புட்டுப் பாசம் சார் ஒங்களுக்கு!" என்றார்கள் பள்ளியில். அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். இந்த வருஷம் பன்னிரண்டில் நானும் ஒருவன். அன்று மத்தியானம் குளியலறையில் உட்கார்ந்து நகம் வெட்டி, குதிகாலைத் தேய்த்து, பவுடரும் போட்டேன். கழுவப்போகிற காலை யாராவது கழுவிக்கொண்டு போவார்களா? எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் போவோம்.

அக்கா வந்து நின்றாள். "தம்பி, சாயங்காலக் கட்ட இன்னைக்கு ஒரு நா நீ மாத்தி விடு. நான் குளிச்சுக் கெளம்பி பூசைக்கு வாரேன்."

"இதத் தொட்டுட்டு எப்படிக்கா கோயிலுக்குப் போறது?" என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. அவள் உள்ளே போய்விட்டாள். பூசைக்கும் வரவில்லை.

கோயிலில் ஃபாதர் என் காலில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். பவுடர் வாசம் அவருக்கு அடித்திருக்கும். என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலை, நோட்டை எடுக்காமல் அக்கா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினேன். கட்டைப் பிரித்ததும் ஓங்கரித்தது. அடக்கிக்கொண்டு பஞ்சைப் புண்ணில் வைத்தேன். அப்பா வீடே அதிர அலறினார். இத்தனை மாதத்தில் அவர் ஒரு முனகல்கூட முனகிக் கேட்டதில்லை. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன்.

"தப்பா வச்சுட்டனாப்பா?"

"இல்லப்பா, சரியாத்தான் வச்ச. தெனமும் இம்புட்டு வலிதான்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "நீ படம் போடையில மூஞ்சிய அசைக்கக் கூடாதுல்ல, அதான்."