வெயிலில் பார்த்த டார்ச்

ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். எங்கள் தெருவில் திருட்டுப் பயமும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு டார்ச் வாங்க இன்று மதியம் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒன்றைத் தரையில் ஓங்கிப் போட்டுக் காட்டினார். கீறல்கூட விழவில்லை.

"வெளிச்சம் எப்படி?" என்றேன்.

"நீயே பாத்துக்கமா" என்று கையில் கொடுத்தார்.

நேராக வாசலுக்குப் போனேன். சுவிட்சைப் போட்டு, வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அது பட்டுப்புடவை இல்லமா, இருட்டுல பாக்கணும். காஞ்சிபுரத்துல எல்லாரும் வாசலுக்குத்தான் எடுத்துக்கினு போறாங்க" என்றார், சிரிக்காமல்.

ஷட்டரைப் பாதி இறக்கி, டார்ச்சை அடித்துக் காட்டினார். கண் கூசியது. வாங்கிவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் கொடுத்தேன். வாசலுக்கு எடுத்துப் போனார்.

"வெளிச்சமே இல்லையே, ஏமாந்துட்டியா?"

உங்கள் வீட்டில் எப்படியோ, நான் இவரை நம்பித்தான் மலையேறப் போகிறேன்.